ஒன்றுவிடாமல் எழுதினோம்

பணி ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது அலுவலகத்தில் ஒரு கடிதம் தருவார்கள். பி.எஃப். கணக்கை முடிக்க என்னென்ன தாள்கள் வேண்டும், கிராஜுவிட்டி எப்போது வரும், அடையாள அட்டையை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றெல்லாம் வரிசையாக இருக்கும். கோவை பீளமேட்டில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்ததால், எனக்கு முன் ஓய்வு பெற்ற பலருக்கு அந்தக் கடிதத்துக்கான கணக்கைப் போட்டுக் கொடுத்தவள் நான். 2024-இல் என் பெயருக்கே கடிதம் வந்தபோது, கிராஜுவிட்டித் தொகையைக்கூடப் பார்க்காமல் கடைசிப் பத்திக்குத்தான் போனேன். குழு மருத்துவக் காப்பீடு பணியின் கடைசி நாளோடு முடிவடையும் என்று அங்கே ஒரு வரி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் இரண்டு பேரைத் தொடும். என் வீட்டுக்காரர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சொந்தத் தொழில் செய்கிறவருக்குக் காப்பீடு எடுத்துத் தர யார் இருக்கிறார்கள்? இத்தனை வருடமும் அவர் என் கம்பெனி பாலிசியில்தான் இருந்தார். 2019-இல் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது மருத்துவமனைக்கு நாங்கள் கையிலிருந்து கொடுத்தது சொற்பம். மூன்று லட்ச ரூபாய்க்கான அந்தக் குழு பாலிசியில் எந்தக் கேள்வியும் இல்லை. சேர்ந்த முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் பணம் உண்டு. எங்கள் சம்பளத்துக்கு அது பெரிய வரம். அந்த வரம் 58 வயதோடு போகிறது. அவருக்கோ அப்போது 62. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதயத்தில் ஒரு ஸ்டென்ட்.

சுற்றியிருக்கிறவர்களைப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு கூரை இருந்தது. என் அக்கா அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள், கணவன் மனைவி இருவருக்கும் காப்பீடு உண்டு. எங்கள் ஷாப் ஃப்ளோரில் இருந்த ஒரு அண்ணன் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டில் இருந்தவர். குறைந்தது ஐந்து வருடம் சந்தா கட்டி வயது முதிர்வில் ஓய்வு பெற்றிருந்தால் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, கணவனும் மனைவியும் தொடர்ந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். அவர் இன்றைக்கும் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில்தான் மாத்திரை வாங்குகிறார். பட்டறையில் வேலை பார்க்கும் பையனின் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பதால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. அதே 2024-ஆம் வருடம் அக்டோபர் 29-ஆம் தேதி, 70 வயதான எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்று மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை விரித்தபோது என் மாமியாருக்கும் வழி பிறந்தது.

நடுவில் இருப்பவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். தனியார் கம்பெனியில் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாயைச் சற்றே தாண்டிய சம்பளம், அரசு ஓய்வூதியம் கிடையாது, ஏழை என்று சான்றிதழும் வாங்க முடியாது. கம்பெனி கைவிடும் 58-க்கும் அரசு கைகொடுக்கும் 70-க்கும் இடையில் பன்னிரண்டு வருடம். உடம்பு அதிகம் படுத்துகிற பன்னிரண்டு வருடமும் அதுதான். இந்த இடைவெளியைப் பற்றி யாராவது உரக்கப் பேச வேண்டும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. பி.எஃப்.-இல் பணம் சேர்க்கச் சட்டம் இருக்கிறது. அந்தப் பணத்தை ஒரே ஒரு ஆஞ்சியோ தின்றுவிடாமல் காக்க, ஓய்வு பெறுகிறவனுக்கு வழி காட்டும் ஏற்பாடு எங்கள் கம்பெனியில் இல்லை.

சொந்தத்தில் ஒரு பையன் காப்பீட்டு ஏஜெண்டாக இருந்தான். கெட்டிக்காரன், நல்லவனும்கூட. வீட்டுக்கு வந்து வண்ணத் தாள்களை மேசையில் பரப்பினான். பத்து லட்சம், இருபத்தைந்து லட்சம் என்று தொகைகள் கொட்டை எழுத்தில் இருந்தன. எல்லாம் பேசி முடித்த பின் குரலைத் தணித்துச் சொன்னான்: "அக்கா, மாமாவுக்குச் சர்க்கரையை வேண்ணா எழுதிக்கலாமுங்க. ஸ்டென்ட் வெச்சத எழுத வேண்டாமுங்க. எழுதுனா எந்தக் கம்பெனியும் எடுக்க மாட்டாங்க. அஞ்சு வருசம் ஓட்டிட்டம்னா அப்பறம் யாரும் கேக்க முடியாதுங்க."

அவன் சொன்னதில் பாதி உண்மை. 2024 ஏப்ரலில் வந்த புதிய விதிகளில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்னும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பல நல்ல மாற்றங்களைச் செய்திருந்தது. முன்பு 65 வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி தர நிறுவனங்கள் மறுக்க இடமிருந்தது. அந்த வயது வரம்பு போனது. பழைய நோய்களுக்கான காத்திருப்பு அதிகபட்சம் நான்கு வருடமாக இருந்தது மூன்றானது. தொடர்ந்து ஐந்து வருடம் பிரீமியம் கட்டிவிட்டால், முன்பு எதையோ சொல்லாமல் விட்டாய் என்று காரணம் காட்டி கிளெய்மை நிராகரிக்க முடியாது. முன்பு இதற்கு எட்டு வருடம் ஆகும். ஆனால் மோசடி என்று நிரூபித்துவிட்டால் இந்த ஐந்து வருடக் காவல் நிற்காது. நெஞ்சுக்குள் ஸ்டென்ட் இருப்பது மறந்துபோகிற சங்கதியா? படிவத்தில் 'இல்லை' என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டால் அதற்கு வேறென்ன பெயர்? அதோடு, அந்த ஐந்து வருடத்துக்குள் நெஞ்சுவலி வராது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? 62 வயது மனிதருக்குக் காப்பீடு எடுப்பதே அந்த ஐந்து வருடத்துக்காகத்தானே.

"எல்லாத்தையும் எழுதித்தான் குடுப்போம் கண்ணு. எடுக்கறவங்க எடுக்கட்டும்" என்று அவனிடம் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை. வெற்றுப் படிவத்தை வைத்துவிட்டுப் போனான்.

ஆனால் அதை நிரப்ப என் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பது லேசாக இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பீரோவிலிருந்து ஃபைல்களை எடுத்துக் கூடத்தில் பரப்பினேன். அவர் செய்தித்தாளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இப்ப எதுக்கு ஊரெல்லாம் போயி எனக்கு இதிருக்குது அதிருக்குதுன்னு சொல்லோணும்?" என்றார். ஸ்டென்ட் வைத்த விஷயம் பட்டறையில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தால் ஆர்டர் கொடுக்கிறவர்கள் யோசிப்பார்கள் என்பது அவர் எண்ணம். முப்பது வருடமாகக் காலையில் ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்குகிற மனிதருக்குத் தன்னை நோயாளி என்று ஒரு தாளில் எழுதுவது எவ்வளவு பாரம் என்று எனக்குப் புரிந்தது. வற்புறுத்தவில்லை. முதலில் என்னுடைய படிவத்தை எடுத்தேன்.

அதில் பெண்களுக்கென்று தனியாகச் சில கேள்விகள் இருந்தன. கர்ப்பப்பை அகற்றப்பட்டதா, எந்த ஆண்டு, காரணம் என்ன. எனக்கு நாற்பத்து நான்கு வயதில் அந்த ஆபரேஷன் நடந்தது. விடாத ரத்தப்போக்கில் ஒரு வருடம் அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக நடந்து, முடியாமல் போய் மருத்துவமனையில் சேர்ந்தேன். அக்காவுக்குக்கூட 'சின்ன ஆபரேஷன்' என்றுதான் சொல்லியிருந்தேன். அந்தப் பழைய டிஸ்சார்ஜ் தாளைப் பிரித்து, பயாப்சி ரிப்போர்ட்டில் இருந்த தேதியைப் பார்த்து எழுதினேன். பிறகு தைராய்டு மாத்திரை, அதன் அளவு, எந்த வருடத்திலிருந்து. பிறகு பெற்றோருக்கு இருந்த நோய்கள். அப்பா 61 வயதில் மாரடைப்பில் போனார். அதையும் எழுதினேன். வாய்விட்டுப் படித்துக்கொண்டேதான் எழுதினேன்.

அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சர்க்கரை எந்த வருசம் கண்டுபுடிச்சாங்கன்னு போட்டிருக்குது?" என்று கேட்டார். 2008 என்று முதல் மருந்துச் சீட்டு சொன்னது. ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில், எந்த ரத்தக்குழாயில் எத்தனை சதவீதம் அடைப்பு, எந்தக் கம்பெனி ஸ்டென்ட், அதன் வரிசை எண் ஒட்டிய சிறு ஸ்டிக்கர் எல்லாம் இருந்தன. புகைப்பழக்கம் உண்டா என்ற கேள்வியில் கொஞ்ச நேரம் நின்றார். 2019 வரை உண்டு, நாளைக்குப் பத்துக்குக் குறையாது என்று அவரே பேனாவை வாங்கி எழுதினார். இடது காதில் மிஷின் சத்தத்தால் கேட்கும் திறன் குறைந்திருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். "அதுவும் எழுதோணுமா?" என்றார். எழுதுங்க என்றேன். இடம் போதாமல் தனித்தாள் இணைத்தோம். அத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் இருவர் உடம்பைப் பற்றியும் அவ்வளவு நேரம் நாங்கள் பேசியதே இல்லை.

எந்தப் பாலிசி என்று முடிவு செய்வதற்கு என் சித்தப்பாவின் மூட்டு ஆபரேஷன் பில் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. அவர் பாலிசி மூன்று லட்சத்துக்கு. அதில் அறை வாடகை நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய். அவர் தங்கிய அறைக்கு 6,000. வித்தியாசத் தொகையான மூவாயிரத்தை ஐந்து நாளைக்குக் கையிலிருந்து கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பில்லைப் பார்த்தால், தகுதி பாதி என்பதால் அறை வாடகை 30,000-இல் 15,000 மட்டும். சர்ஜன், மயக்க மருந்து மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்ந்த 1,20,000-த்திலும் பாதிதான். மூட்டுக் கருவி, மருந்து, பரிசோதனைகளில் மட்டும் இந்த வெட்டு கூடாது என்று விதி இருப்பதால் அந்த 1,10,000 முழுசாகக் கிடைத்தது. மொத்தம் 2,60,000 ரூபாய் பில்லில் 75,000 அவர் கையிலிருந்து. பாலிசியில் பணம் மிச்சம் இருந்தது, ஆனாலும் வரவில்லை. பெரிய மருத்துவமனைகளில் சர்ஜன் கட்டணமே அறையின் தரத்துக்குத் தக்கபடி ஏறுகிறது என்பதால் நிறுவனங்கள் இப்படிச் செய்கின்றன. அறை கேட்கும்போது மருத்துவமனைக் கவுண்டரில் யாரும் இதைச் சொல்வதில்லை.

அதனால் வண்ணத் தாள்களில் கொட்டை எழுத்தில் இருந்த தொகையை நான் கடைசியில்தான் பார்த்தேன். முதலில் பார்த்தது அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்பதை. அடுத்தது கோ-பே. 60 வயதுக்கு மேல் சேர்கிறவர்களுக்குப் பல பாலிசிகளில் ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் நம் பொறுப்பு என்று ஒரு மூலையில் இருக்கும். இரண்டு லட்சத்துக்கு நாற்பதாயிரம். அப்புறம் கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனி வரம்பும் தனிக் காத்திருப்பும். ஆணையமே வடிவமைத்து 2020-லிருந்து எல்லா நிறுவனங்களும் விற்கிற ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அதில் கோ-பே 5 சதவீதம், அறை வாடகை தொகையில் 2 சதவீதம், ஆனால் நாளுக்கு 5,000-க்கு மேல் இல்லை, கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் இதே விதிகள்தான். புதிதாகப் பார்க்கும் பாலிசி ஒவ்வொன்றும் இதைவிட எங்கே மேல், எங்கே கீழ் என்று பென்சிலால் குறித்தேன். முப்பது வருடம் லெட்ஜர் பார்த்த கண்ணுக்கு இந்த வேலை பிடித்தே இருந்தது.

எல்லாம் எழுதி நாங்கள் விண்ணப்பித்த முதல் நிறுவனம் எனக்குப் பாலிசி தர ஒப்புக்கொண்டு, என் வீட்டுக்காரருக்கு மறுத்துவிட்டது. அவர் முகம் வாடிப்போனது. ஏஜெண்ட் பையன் மறுபடி வந்து, "நாஞ் சொன்னனில்லீங்க்கா" என்பது போலப் பார்த்தான். ஆனால் அதற்குள் நான் வேறொரு வழியைப் படித்து வைத்திருந்தேன். குழு காப்பீட்டை விட்டு வெளியேறுகிறவர் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விதி இடம் தருகிறது. அப்படி மாறினால் குழுவில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் கணக்கில் கழியும். அவர்களும் உடல்நிலையைப் பார்த்துத்தான் தருவார்கள் என்றாலும், அந்த ஸ்டென்ட்டுக்குப் பணம் கொடுத்ததே அதே நிறுவனம்தான் என்பதால் அவர்களிடம் மறைக்கவோ விளக்கவோ ஒன்றுமில்லை. இந்த வழியைப் பிடிக்க வேண்டுமானால் வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் தாண்டி பாலிசி அறுந்துவிட்டால் அத்தனை வருடமும் கணக்கில் வராமல் போய்விடும்.

எங்கள் ஹெச்.ஆர். மேடத்துக்கே இது புது விஷயம். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். நான் கேட்டது ஒரே ஒரு கடிதம்: என் வீட்டுக்காரர் பெயர் எந்த வருடத்திலிருந்து இடைவெளி இல்லாமல் பாலிசியில் இருக்கிறது, ஒவ்வொரு வருடமும் காப்பீட்டுத் தொகை எவ்வளவு, என்னென்ன கிளெய்ம்கள். பழைய பாலிசிகளின் முதல் பக்கத்தைத் தேடி எடுத்து நானே வரைவு எழுதிக் கொடுத்தேன். மேடம் அதைக் கம்பெனித் தாளில் அடித்துக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு தாள்தான் எல்லாவற்றையும் மாற்றியது. ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்து, கூடுதல் பிரீமியத்தோடு என் வீட்டுக்காரருக்கு ஐந்து லட்சத்துக்குப் பாலிசி வந்தது. குழுவில் இருந்த மூன்று லட்சம் வரை முதல் நாளிலிருந்தே எல்லா நோய்க்கும் செல்லும். கூடுதலாகச் சேர்ந்த இரண்டு லட்சத்துக்கு மட்டும் பழைய நோய்களுக்கு மூன்று வருடக் காத்திருப்பு.

இருவருக்கும் சேர்த்து ஒரே ஃப்ளோட்டர் பாலிசியாக எடுத்தால் மலிவு என்று பலர் சொன்னார்கள். இளம் தம்பதிக்கு அது சரி. ஃப்ளோட்டரில் பிரீமியம் மூத்தவரின் வயதைப் பிடித்துப் போடப்படும். ஒருவருடைய பெரிய ஆபரேஷன் இன்னொருவரின் பங்கையும் கரைத்துவிடும். அதனால் எனக்குத் தனியாக ஐந்து லட்சம், அதற்கு மேல் ஒரு சூப்பர் டாப்-அப். முதல் ஐந்து லட்சத்தை வேறு பாலிசியோ நம் கையோ பார்த்துக்கொண்ட பிறகுதான் சூப்பர் டாப்-அப் திறக்கும் என்பதால் அது மலிவு. எல்லாம் சேர்த்து முதல் வருடப் பிரீமியம் 62,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 11,160. ஓய்வு பெற்றவர்கள் வைத்தியத்துக்காகக் கட்டும் பணத்துக்கு, ஆடம்பரச் செலவு போல வரியா என்று எனக்குப் பொறுக்கவில்லை. கிராஜுவிட்டியில் ஒரு பகுதியைத் தனி டெபாசிட்டாகப் போட்டு, அதன் வட்டி பிரீமியத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். அதை வேறெதற்கும் தொடுவதில்லை.

பாலிசித் தாள் வந்ததும் முப்பது நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். அந்த அவகாசத்தில் வரி வரியாகப் படித்தேன். அவருடைய தாளில் ரத்தக் கொதிப்பு விடுபட்டிருந்தது. நாங்கள் படிவத்தில் எழுதியிருந்தோம். கணினியில் ஏற்றியவர் விட்டுவிட்டார். மின்னஞ்சல் அனுப்பித் திருத்தி வாங்கினேன். பாலிசியோடு நம் படிவத்தின் நகலும் வரும். அதைப் படிக்காமல் பீரோவில் வைக்கக் கூடாது என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

2025 தொடக்கத்தில் ஒரு விடியற்காலையில் அவருக்கு நெஞ்சு இறுக்கம் வந்தது. அவிநாசி சாலையில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஆஞ்சியோவில் இன்னொரு குழாயில் அடைப்பு. அன்றைக்கே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த பெண் விவரங்களை அனுப்பிய சிறிது நேரத்தில் நிறுவனத்திடமிருந்து கேள்வி வந்தது: சர்க்கரை எத்தனை வருடமாக? இதற்கு முன் இதய சிகிச்சை உண்டா? அது பாலிசி எடுக்கும்போது தெரிவிக்கப்பட்டதா? அந்தப் பெண் தயங்கித் தயங்கித்தான் என்னிடம் கேட்டார். இந்தக் கேள்வியில் எத்தனையோ குடும்பங்கள் முகம் வெளிறி நிற்பதைப் பார்த்திருப்பார் போல. நான் பையிலிருந்து படிவ நகலையும் ஹெச்.ஆர். கடிதத்தையும் எடுத்துக் கொடுத்தேன். ஸ்கேன் செய்து அனுப்பினார். அனுமதி வந்தது.

மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2024 மே மாதச் சுற்றறிக்கையில் ஆணையம் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அதற்குள் வந்துவிட்டது. கையுறை, முகக்கவசம், பதிவுக் கட்டணம் போன்ற பாலிசியில் வராத சில்லறைகளுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் கட்டினோம். வீட்டுக்கு வந்து படுத்தபின் அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பையன் பேச்சக் கேட்டிருந்தா என்னாயிருக்கும்?" நான் பதில் சொல்லவில்லை. அவருக்கே தெரியும். பட்டறைப் பையன்களைக் கூப்பிட்டு, தனக்கு ஸ்டென்ட் இருப்பதையும் மாத்திரை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதையும் அவரே சொல்லி வைத்தார்.

அந்த 2025 ஜனவரியில் இன்னொரு நல்ல உத்தரவு வந்திருந்தது. 60 வயதைக் கடந்தவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் நிறுவனம் ஆணையத்தைக் கலந்து பேச வேண்டும். புதுப்பிக்கும் தேதி வந்தபோது அவருடையது அந்த அளவுக்குள்தான் ஏறியது. கிளெய்ம் வாங்கியதற்காகத் தனியாக ஏற்றவும் இல்லை. செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. அடியோடு நீங்கியது. எங்கள் புதுப்பிப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் அந்தச் சலுகை எங்களுக்கு அடுத்த வருடக் கணக்கில்தான். அப்படி மிச்சமாகும் பணத்தில் அவருக்கும் ஒரு சூப்பர் டாப்-அப் எடுக்க வேண்டும். படிவத்தை வாங்கி வைத்திருக்கிறேன். அதில் இரண்டாவது ஸ்டென்ட்டின் விவரத்தை அவரே நிரப்பிவிட்டார்.